பழைய ஸ்கேன் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

படத்தைப் பார்த்துப் புற்றுநோயைக் கணினியே கண்டுபிடித்துவிடுகிறது என்ற செய்தி இப்போதெல்லாம் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. ஆர்வத்தோடு படிக்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கும் ரேடியோகிராபராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவிக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். உடம்பைக் குறுக்கே துண்டு துண்டாக, ஒரே மூச்சில் நெஞ்சு முழுவதையும் படம் பிடிக்கிற சி.டி. ஸ்கேன் மெஷினை இயக்கிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதனால் இந்த வளர்ச்சி எனக்கு மகிழ்ச்சியே தருகிறது. ஆனால் நான் தேடுகிற ஒரு விஷயம் இந்தச் செய்திகளில் வருவதே இல்லை. புற்றுநோயாளி ஒருவருக்கு முதல் தடவை ஸ்கேன் எடுப்பது நோய் எங்கே, எவ்வளவு என்று பார்க்க. அதற்கப்புறம் எடுக்கிற ஒவ்வொரு ஸ்கேனும் மருந்து கேட்கிறதா, இல்லையா என்று பார்க்கத்தான். அதைச் சொல்ல இன்றைய படம் மட்டும் போதாது, பழைய படமும் வேண்டும். நம் ஊரில் அந்தப் பழைய படம்தான் காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

கட்டி குறைந்ததா கூடியதா என்று சொல்ல மருத்துவ உலகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ‘ரெசிஸ்ட்’ என்பார்கள். 2000-இல் வந்து, 2009-இல் திருத்தப்பட்டது. புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் இதைக் கறாராகப் பின்பற்றுவார்கள். அன்றாடச் சிகிச்சையிலும் புற்றுநோய் மருத்துவர்கள் மனதில் ஓடுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அளக்கத்தக்க கட்டிகளில் மொத்தம் ஐந்துக்கு மேல் போகாமல், ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் இல்லாமல் தேர்ந்தெடுப்பார்கள். கட்டியின் நீண்ட விட்டத்தை அளப்பார்கள். நெறிகட்டி என்று நாம் சொல்லும் நிணநீர் முடிச்சாக இருந்தால் குறுகிய விட்டம். எல்லாவற்றையும் கூட்டி ஓர் எண்ணாக வைத்துக்கொள்வார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சிகிச்சை தொடங்கும் முன் ஒருவருக்கு மூன்று கட்டிகள்: 42, 28, 20 மில்லிமீட்டர். கூட்டினால் 90. சில கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் 30, 20, 12. கூட்டினால் 62. முப்பது சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சரி, அடுத்த ஸ்கேனில் கூட்டுத்தொகை 75 என்று வந்தால்? வீட்டில் இருப்பவர்கள் முதலில் இருந்த 90-ஐ நினைத்துக்கொண்டு, ‘இன்னும் குறைவாகத்தானே இருக்கிறது’ என்று நிம்மதி அடைவார்கள். ஆனால் கணக்கு அப்படிப் போகாது. வளர்ச்சியை அளப்பது இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவிலிருந்து. 62-லிருந்து 75 என்பது இருபது சதவீதத்துக்கு மேல், ஐந்து மில்லிமீட்டருக்கும் மேல். நோய் முன்னேறிவிட்டது, அதாவது மோசமாகிவிட்டது. மருந்தை மாற்ற வேண்டும். அதாவது முதல் ஸ்கேனும் கடைசி ஸ்கேனும் மட்டும் கையில் இருந்தால் போதாது. நடுவில் கட்டி எப்போது மிகச் சிறியதாக இருந்ததோ, அந்த ஸ்கேனும் வேண்டும். எந்த ஸ்கேன் அப்படிப்பட்டது என்று எடுக்கிற அன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன்.

இந்த இருபது, முப்பது என்ற எல்லைகள் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து இட்டுக்கட்டியவை என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றுக்குப் பின்னால் ஒரு வேர் இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவில் மோர்டெல், ஹான்லி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். கட்டிகளைப் போன்ற 12 உருண்டைகளை நுரை ரப்பருக்கு அடியில் வைத்துவிட்டு, அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்களை அழைத்துத் தடவிப் பார்த்து அளக்கச் சொன்னார்கள். உருண்டை மாறவே இல்லை, ஆனால் அளவு ஆளுக்கு ஆள் மாறியது. ஒரே மருத்துவர் அளந்தாலும் மாறியது. கை அளவில் வரும் பிசகு எவ்வளவு, உண்மையான மாற்றம் என்று எதைச் சொல்லலாம் என்ற யோசனை அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. இன்று கைக்குப் பதில் சி.டி. வந்துவிட்டது. பிசகு குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. 2009-இல் வெளியான இன்னோர் ஆய்வில், நுரையீரல் புற்றுநோயாளிகள் 32 பேரை ஒரே மெஷினில் கால் மணி நேரத்துக்குள் இரண்டு முறை படம் எடுத்தார்கள். அதற்குள் எந்தக் கட்டியும் வளர்ந்திருக்கவும் முடியாது, சுருங்கியிருக்கவும் முடியாது. இருந்தும் அளவுகளில் சில சதவீத வித்தியாசம் வந்தது. ஒரே மெஷினில், ஒரே நாளில் எடுத்ததற்கே இப்படி என்றால், ஒரு ஊரில் ஒரு ஸ்கேனும் இன்னோர் ஊரில் இன்னொரு ஸ்கேனுமாக எடுத்து, இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, அந்த இரண்டு காகிதங்களை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடைமுறையில் நடப்பது அதுதான். அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை பக்கத்திலிருந்து திருச்சிக்கு வருகிறவர்களை நான் வேலைக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். முதல் ஸ்கேன் அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் எடுத்திருப்பார்கள். சதைப் பரிசோதனை இங்கே. அப்புறம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கோ, மதுரைக்கோ போவார்கள். மஞ்சப்பையில் ஃபிலிம்கள் இருக்கும். வெயிலில் பஸ்ஸில் வந்ததில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட் மடித்து மடித்து நடுவில் கிழிந்திருக்கும். ஸ்கேன் படங்களைப் பதிந்து தரும் குறுந்தகடு எங்கே என்று கேட்டால், ‘அது எதுக்கும்மா, ஃபிலிம்தான் இருக்கே’ என்பார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஃபிலிம் ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களுக்கும் இது தெரிவதில்லை. நெஞ்சும் வயிறும் சேர்த்து எடுக்கும் ஒரு சி.டி. ஸ்கேனில் பல நூறு படங்கள் இருக்கும். மெல்லிய துண்டுகளாக எடுத்தால் ஆயிரத்தைக்கூடத் தொடும். ஃபிலிம் ஒன்றில் இருபது முப்பது படங்களை அச்சடிப்பார்கள். கையில் இரண்டு மூன்று ஃபிலிம் கொடுத்தால், எடுத்ததில் பெரும்பகுதி உங்களிடம் வரவில்லை என்றுதான் பொருள். அளக்க வேண்டிய கட்டியின் மிகப் பெரிய குறுக்குவெட்டு எந்தப் படத்தில் இருந்ததோ, அந்தப் படம் அச்சாகாமலே போயிருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 100-ஐ ஒட்டி, எலும்புக்குப் பல நூறு. சி.டி. மெஷினை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இந்த எண்களை இன்றும் அழைக்கிறோம். இத்தனை எண்களையும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகக் காட்டினால் நம் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் நுரையீரலுக்கு ஒரு அமைப்பு, கல்லீரலுக்கு ஒரு அமைப்பு, எலும்புக்கு ஒரு அமைப்பு என்று திரையில் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ‘விண்டோ’ என்போம். ஒரே நுரையீரல் கட்டி ஒரு விண்டோவில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் தெரியும். ஃபிலிமில் அச்சடித்த பிறகு விண்டோவை மாற்றவே முடியாது. எண்களெல்லாம் போய் வெறும் நிழல்தான் மிஞ்சும். அந்த ஃபிலிமையும் டியூப் லைட் வெளிச்சத்தில் பிடித்து, செல்போனில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்புகிறார்கள். அதை வைத்துக் கட்டியை அளக்க எந்த மருத்துவராலும் முடியாது, எந்தக் கணினியாலும் முடியாது.

‘டைகாம்’ என்ற வடிவத்தில் இருக்கும் மூலப்படம்தான் வேண்டும். எல்லாக் கம்பெனி மெஷின்களும் ஒரே மொழியில் படத்தைச் சேமிக்க வேண்டும் என்பதற்காக வந்த பொது முறை அது. படத்தோடு எண்கள் இருக்கும், ஒவ்வொரு துண்டும் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று இருக்கும், எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எப்படி எடுத்தார்கள் என்ற விவரமும் இருக்கும். சி.டி. படம் ஒன்று ஏறக்குறைய அரை எம்.பி. மொத்த ஸ்கேனும் ஒரு குறுந்தகட்டிலோ, சட்டைப் பையில் போடும் பென் டிரைவிலோ அடங்கிவிடும்.

அதோடு, கண்ணால் பார்த்து ‘கொஞ்சம்தான் பெரிசாகியிருக்கு’ என்று சொல்வதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. 20 மில்லிமீட்டர் உருண்டை 25 ஆனால் பார்வைக்குப் பெரிய மாற்றமாகத் தெரியாது. ஆனால் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது. மூலப்படம் இருந்தால் கணினி இந்தக் கொள்ளளவைத் துண்டு துண்டாகக் கூட்டிச் சொல்லிவிடும். என்னைக் கேட்டால், படத்தை அலசும் மென்பொருட்களின் மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. அலுப்பு தட்டாமல், முந்தைய தடவை அளந்த அதே கட்டியைத் தேடிப் பிடித்து அதே மாதிரி அளக்கும். பழைய படம் இல்லாவிட்டால் அந்த மென்பொருளுக்கும் வேலை இல்லை.

என் அக்கா விஷயத்தில் நடந்ததை இங்கே எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அவருக்கு மார்பகப் புற்றுநோய். முதல் ஸ்கேன் எடுத்த அன்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால், கட்டியைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் சாதாரணமாக எடுத்தார்கள். கல்லீரலில் ஒரு புள்ளி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. சில கீமோ முடிந்ததும் வேறோர் இடத்தில் இரண்டாவது ஸ்கேன். அப்போது கிரியாட்டினின் சரியாகிவிட்டதால் கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்தார்கள். கல்லீரலில் மூன்று புள்ளிகள், இரண்டு புதியவை என்று ரிப்போர்ட். நான் மேலே சொன்ன கணக்கில் இன்னொரு விதியும் உண்டு: புதிதாக ஒரு கட்டி தோன்றினாலே நோய் முன்னேறிவிட்டது என்று அர்த்தம், மற்றவை எவ்வளவு சுருங்கியிருந்தாலும் சரி. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மருமகன் போன் செய்தார். பின்னாலிருந்து அக்காவின் குரல்: “ஏண்டி, எனக்கு இனிமே மருந்து கேக்காதாமே?”

கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்த சி.டி.யில் கல்லீரல் கட்டி சுற்றியுள்ள சதையோடு கலந்து மங்கிப் போவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டாவது ரிப்போர்ட் எழுதிய மருத்துவரிடம் முதல் ஸ்கேனின் ரிப்போர்ட் காகிதம் மட்டும் இருந்தது. அதில் ஒன்று என்று எழுதியிருந்தது, இவர் மூன்றைப் பார்த்தார், இரண்டு புதிது என்று எழுதினார். அந்தக் காகிதத்தை வைத்து வேறு எப்படி எழுத முடியும்? முதல் ஸ்கேன் எடுத்த இடத்தில் குறுந்தகடு கொடுத்திருக்கவில்லை. நான் போய்க் கேட்டேன். முன்னால் இருந்த பெண், ‘பழசெல்லாம் அழிச்சிருப்பாங்க மேடம்’ என்று கையை விரித்துவிட்டார். உள்ளே இருக்கும் டெக்னீஷியனைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். அந்தத் தம்பி தேடிப் பார்த்தார். இருந்தது. இடம் போதாமல் பழைய படங்களை மாதாமாதம் நீக்குவார்களாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இதுவும் போயிருக்கும்.

அந்த மூலப்படத்தை ரேடியாலஜிஸ்டிடம், அதாவது ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரிடம், கொடுத்தோம். கல்லீரலுக்கு உரிய விண்டோவை இறுக்கிக் குறைத்து, இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ‘புதியவை’ என்று சொன்ன இரண்டு இடங்களிலும் முதல் ஸ்கேனிலேயே மங்கலான நிழல் இருந்தது. புதிது அல்ல, முன்பு தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். அவர் திருத்தி எழுதிய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, புற்றுநோய் மருத்துவர் அதே மருந்தைத் தொடர்ந்தார். அடுத்த ஸ்கேனை முந்தையதைப் போலவே கான்ட்ராஸ்ட் போட்டு எடுத்தோம். மூன்றும் சிறுத்திருந்தன.

அக்காவுக்காக உள்ளே போய்க் கேட்க நான் இருந்தேன். பெரம்பலூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, டோக்கன் வாங்கிக் காத்திருக்கிற ஒரு அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? கேட்கிற மருந்தை நிறுத்திவிடலாம், கேட்காத மருந்தின் பக்க விளைவுகளை மாதக்கணக்கில் அனுபவிக்க வைத்துவிடலாம். இரண்டுமே ஒரு குறுந்தகடு இல்லாததால் நடக்கக்கூடியவை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்கேன் எடுக்கும் விதத்திலும் எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியவை நிறைய. ‘மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க’ என்று சொல்லிவிட்டு எடுக்கிறோம். நோயாளி பாதியில் மூச்சை விட்டுவிட்டால் கல்லீரலும் நுரையீரலின் அடிப்பகுதியும் இடம் மாறிவிடும், சின்னக் கட்டிகள் நழுவிவிடும். ஊசி போட்டு எத்தனை நொடியில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ரத்தக்குழாயில் மருந்து பாயும் நேரத்தில் எடுத்தால் ஒரு மாதிரியும், ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து எடுத்தால் வேறு மாதிரியும் கல்லீரல் தெரியும். முந்தைய தடவை எப்படி எடுத்தார்கள் என்பது டைகாம் படத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பழைய குறுந்தகட்டை ஸ்கேன் எடுக்கும் முன்பே டெக்னீஷியனிடம் கொடுத்தால், அதே மாதிரி எடுக்க முயல்வார். ரிப்போர்ட் எழுதும் நேரத்தில் கொடுத்தால் பாதிப் பலன்தான்.

பெட் ஸ்கேனில் இது இன்னும் நுட்பமானது. கதிரியக்கப் பொருள் சேர்த்த சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தி, ஒரு மணி நேரம் அமைதியாகப் படுக்க வைத்து எடுப்பார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் பளிச்சென்று தெரியும். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தாலோ, ஒரு தடவை ஒரு மணி நேரத்திலும் அடுத்த தடவை ஒன்றரை மணி நேரத்திலும் எடுத்தாலோ, அந்த ஒளியை அளக்கும் எண்கள் மாறிவிடும். ஏ.சி. குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தால் கழுத்துப் பக்கத்துக் கொழுப்புகூடப் பளிச்சிடும். நம் நாட்டில் காசநோய் கண்ட நெறிகட்டியும் அதே மாதிரி ஒளிரும், சதைப் பரிசோதனை செய்யாமல் பிரிக்க முடியாது. நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2009-இல் பிரான்சின் தோவில் நகரில் கூடிய நிபுணர்கள் ஓர் அருமையான வழி கண்டார்கள். கட்டியின் ஒளியை அந்த நோயாளியின் சொந்தக் கல்லீரலின் ஒளியோடும், நெஞ்சின் நடுவில் ஓடும் ரத்தத்தின் ஒளியோடும் ஒப்பிட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் கொடுப்பது. நோயாளியின் உடம்பே அளவுகோல் ஆகிவிடுகிறது. அப்போதும், எந்த இடத்தில் முதலில் நோய் இருந்தது என்று தெரிய முதல் ஸ்கேன் வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். ஸ்வீடனில் நடந்த ‘மசாய்’ ஆய்வைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள், எழுத வேண்டிய ஆய்வுதான். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே பரிசோதனைக்கு வந்த 80,000-க்கும் அதிகமான பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவின் படங்களை வழக்கம்போல் இரண்டு ரேடியாலஜிஸ்டுகள் பார்த்தார்கள். இன்னொரு பிரிவில் கணினி முதலில் ஆபத்தை மதிப்பிட்டது. ஆபத்து மிக அதிகம் என்று அது சொன்னவற்றை மட்டும் இரண்டு பேர், மற்றவற்றை ஒருவர் பார்த்தார்கள். 2023-இல் வந்த முதல் முடிவுகளின்படி, படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. ஆயிரம் பெண்களில் கண்டறிந்த புற்றுநோய் வழக்கமான முறையில் 5.1, கணினி உதவியோடு 6.1. நல்ல செய்தி. ஆனால் அந்த நாட்டில் பெண்களை முறையாகத் திரும்பத் திரும்ப அழைத்துப் படம் எடுக்கிறார்கள், எடுத்த படம் சேமிப்பில் இருக்கிறது. கணினி வந்து உட்கார்ந்தது அப்படி ஏற்கெனவே ஒழுங்கு செய்யப்பட்ட வீட்டில்.

இதன் மறுபக்கத்துக்கும் ஓர் ஆய்வு உண்டு. 2018-இல் நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள், நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கினார்கள். பழகிய மருத்துவமனைப் படங்களில் நன்றாகச் செய்தது, வெளி மருத்துவமனைப் படங்களில் தடுமாறியது. படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை மட்டும் ஏறக்குறையத் தவறே இல்லாமல் சொன்னது. நோயைப் பார்ப்பதோடு, மெஷினையும் எடுத்த விதத்தையும் சேர்த்தே அது படித்துவிட்டது. புற்றுநோய்க்கும் இது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் ஊர் மெஷின்களில், நம் ஊர் நோயாளிகளின் படங்களில் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப முடியாது. அப்படிச் சோதிக்க வேண்டுமானால் நம் படங்கள் அழியாமல் இருக்க வேண்டும். மாதாமாதம் அழித்துக்கொண்டே, கணினி வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பது நியாயமில்லை.

சட்டம் ஒன்றும் சொல்லவில்லையா என்றால், சொல்கிறது, ஆனால் ஓட்டையோடு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. காலையில் வந்து மதியம் திரும்பிப் போகிற ஸ்கேன் நோயாளியைப் பற்றி அதில் தெளிவாக இல்லை. மூன்று ஆண்டுகளும் புற்றுநோய்க்குப் போதாது. மார்பகப் புற்றுநோய் பத்து ஆண்டு கழித்தும் திரும்பி வருவதுண்டு.

ஆகவே சுகாதாரத் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாகச் சில வேண்டுகோள்கள். அரசோ தனியாரோ, ஒவ்வொரு ஸ்கேன் மையமும் மூலப்படத்தை நோயாளி கேட்காமலே, தனிக் கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டும். ஃபிலிமுக்கு ஆகும் செலவைவிட அதற்கு ஆகும் செலவு குறைவு. சில மையங்கள் இப்போது செல்போனுக்கு ஒரு இணைப்பு அனுப்புகின்றன, சில வாரங்களில் அது திறக்காமல் போய்விடுகிறது. அதை நிரந்தரம் என்று நம்பி வீட்டில் விட்டுவிடுகிறார்கள். புது லேப்டாப்களில் குறுந்தகடு போடும் இடமே இல்லை, வைரஸுக்குப் பயந்து மருத்துவமனைக் கணினிகளில் பென் டிரைவைச் செருக விடுவதும் இல்லை. இதற்கெல்லாம் ஒரே தீர்வு, அரசு மருத்துவமனைகளுக்கு இடையே படங்களைப் பகிரும் பொதுச் சேமிப்பு. மருத்துவப் பதிவுகளைச் சேர்த்து வைக்க மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா எண்ணை வாங்கச் சொல்லி எல்லோரையும் கேட்கிறார்களே, அந்தக் கணக்கில் ரிப்போர்ட் மட்டும் இல்லாமல் படமும் போய்ச் சேரட்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்கேனுக்குப் பணம் கொடுக்கும்போது, மூலப்படம் நோயாளியிடம் கொடுக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ரேடியாலஜிஸ்டுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும், ஒரு மாலையில் எத்தனை ஸ்கேன்களைப் பார்த்து முடிக்கிறீர்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். இருந்தாலும், புற்றுநோய் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எந்தத் தேதி ஸ்கேனோடு ஒப்பிட்டீர்கள், படத்தைப் பார்த்து ஒப்பிட்டீர்களா, காகிதத்தைப் பார்த்தா என்று ஒரு வரி எழுதுங்கள். ‘சற்றே பெரிதாகியுள்ளது’ என்பதற்குப் பதில், எத்தனை மில்லிமீட்டரிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், எந்தப் படத்தில் அளந்தது என்று எழுதுங்கள். அடுத்து பார்க்கப் போகிறவருக்கு அது கைவிளக்கு.

நோயாளியின் வீட்டில் இருப்பவர்களே, ஒவ்வொரு குறுந்தகட்டின் மேலும் தேதியையும் ஊரையும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கணினி தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து இன்னோர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள், குறுந்தகடு கீறல் விழுந்தால் போயிற்று. சிகிச்சை முடிந்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

என்னோடு வேலை பார்த்த, இப்போதும் பார்க்கிற ரேடியோகிராபர் தம்பி தங்கைகளுக்கும், ஸ்கேன் சென்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கடைசியாக ஒன்று. நேரம் குறித்துக் கொடுக்கும்போது ‘வெறும் வயித்தோட வாங்க, கிரியாட்டினின் ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க’ என்று சொல்கிறீர்கள். அதோடு ‘பழைய ஸ்கேனோட குறுந்தகடு எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மறந்து வந்தால், எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டு, அந்த மையத்துக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரேடியோகிராபர்,
உறையூர், திருச்சி.